பாணும் மாசியும்: ஒரு மதிய உணவின் வரலாறு

எந்த அரசன் எந்த ஆண்டில் முடிசூடினான், எந்தப் போரில் எவன் வென்றான் என்பனவற்றை நமது பாடநூல்கள் தவறாமல் சொல்லுகின்றன. அந்த அரசனின் நிலத்தை உழுதவன் நண்பகலில் எதை உண்டான், அதை ஆக்கிக் கொடுத்தவர் யார், அதற்கான பண்டங்கள் எந்தத் துறைமுகத்தின் வழியாக வந்தன என்பனவற்றை அவை சொல்வதில்லை. அன்றாடம் நிகழ்வது வரலாறாகாது என்ற எண்ணம் நெடுங்காலமாக நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. ஆனால் மனிதன் உண்ட பிறகுதான் ஆண்டான்; உண்ட பிறகுதான் பாடினான், தத்துவம் பேசினான். ஆகவே ஓர் எளிய மதிய உணவுப் பொதியை அவிழ்த்து, அதனுள் பொதிந்திருக்கும் வரலாற்றை இங்கு ஆராய்வோம்.

அம்பாறைக் கரையோரத்தை எடுத்துக்கொள்வோம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என வடக்கிலிருந்து தெற்கே நீளும் இந்த ஊர்களுக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல். இங்கு நண்பகல் உணவு என்றால் அது சோறும் மீன்கறியுமே. ஆயினும் நண்பகலில் வீடு திரும்ப இயலாதவர்கள் எக்காலத்திலும் உண்டு. தொலைவான வயலில் வேளாண்மை வெட்டுபவர், கரைவலை இழுப்பவர், மருதமுனையின் கைத்தறியில் அமர்ந்திருப்பவர், காலையில் பள்ளிக்கூடம் சென்ற பிள்ளை ஆகியோருக்கு ஆறிப்போனாலும் கெடாத, ஒரு கையில் பிடித்து உண்ணத்தக்க உணவு தேவைப்படுகிறது. பாணைப் பிளந்து, நடுவே மாசிச் சம்பலை வைத்து, கடதாசியில் சுற்றிய பொதி அத்தேவையிலிருந்து பிறந்தது.

ஆங்கிலேயர் இவ்வகை உணவைச் சான்ட்விச் என்பர். பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த சான்ட்விச் பிரபுவின் பட்டப்பெயரே உணவுக்குப் பெயராயிற்று. வரலாற்றாசிரியர் எட்வர்ட் கிப்பன் 1762 நவம்பரில் எழுதிய நாட்குறிப்பில் அப்பெயர் காணப்படுகிறது. இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கிடையே இறைச்சியை வைத்து உண்பதை ஒரு பிரபுதான் கண்டுபிடித்தார் என்பது நகைப்புக்குரிய கூற்று. உழவரும் மாலுமிகளும் அதற்குப் பன்னெடுங்காலம் முன்பிருந்தே அப்படித்தான் உண்டு வந்தனர். உழைப்பாளி செய்தால் அது பெயரற்ற பழக்கம். பிரபு செய்தால் பெயர்பெற்ற கண்டுபிடிப்பு! அந்தச் சான்ட்விச்சுகளுள் இலண்டன் மாநகரத்துச் செல்வர்கள் உயர்வாக மதிப்பது, புகையூட்டிய சால்மன் மீனை வைத்துச் செய்வது. நமது கல்முனைப் பொதியின் நடுவே இருப்பதும் புகையூட்டிய மீனே. இவ்விரண்டு பொதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பல உண்மைகள் புலனாகும்.

நமது பொதியின் செய்முறை எளியது. விறகுத் துண்டுபோல் இறுகிய மாசியை உரலில் இட்டு இடித்துத் தூளாக்குவர். செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு ஆகியவற்றை அதனுடன் சேர்த்து இடிப்பர். அம்மி உள்ள வீடுகளில் அரைப்பர். துருவிய தேங்காயைக் கலந்து, தேசிக்காய்ப் புளி பிழிந்து, கையால் பிசைவர். பாணை நீளவாக்கில் வெட்டி, உள்ளே சம்பலை நிரப்பி அழுத்துவர். தேங்காயின் ஈரமும் புளியும் பாணில் ஊறி, நண்பகலாகும்போது பொதி பதமாகியிருக்கும். வைகறைத் தொழுகைக்கு எழுந்த உம்மாவின் கை அரை மணி நேரத்தில் முடித்துவிடும் வேலை இது. ஆனால் அந்த அரை மணி நேரத்திற்குப் பின்னால் பல நூற்றாண்டுகள் நிற்கின்றன.

பொருள்களின் பெயர்களே அதற்குச் சான்று பகரும். பாண் என்பது போர்த்துக்கேயச் சொல். அந்தப் பாணை நாம் நிறுத்துக் கேட்கும் 'இறாத்தல்' அரபுச் சொல். சம்பல் மலாய் மொழியிலிருந்து வந்தது. மாசி என்பது மாலைதீவின் திவேகி மொழியில் மீனைக் குறிக்கும் 'மஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கேயரின் கப்பல்களில் ஆசியாவுக்கு வந்தது. தேங்காயும் உப்பும் தேசிக்காயுமே இம்மண்ணின் பங்கு. தூய உள்ளூர் உணவு என்று ஒன்றைத் தேடிச் செல்பவர் எவராயினும், ஒரு துண்டுப் பாணிலேயே இடறி விழுவார்.

முதலில் மாசியின் கதையைக் காண்போம். சூரையின மீனைப் பிடித்து, தலையையும் குடலையும் நீக்கி, நீளவாக்கில் நான்கு துண்டாகப் பிளந்து, உப்புநீரில் அவித்து, புகையில் இட்டு, பின்பு வெயிலில் பல நாள் காயவைப்பதே மாசி. மீனுடைய பெரும் பகை காலம். பிடித்த சில மணி நேரத்தில் அது கெடத் தொடங்குகிறது. கொதிநீர் நுண்ணுயிர்களைக் கொல்லுகிறது. புகை மேற்பரப்பைக் காக்கிறது. வெயில் எஞ்சிய நீரை உறிஞ்சுகிறது. குளிர்பெட்டி பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, எழுத்தறியாத மீனவக் குடும்பங்கள் தமது அனுபவத்தால் கண்ட விஞ்ஞானம் இது.

மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1343இல் மாலைதீவை அடைந்தார். அங்கு காழியாகவும் பணியாற்றினார். அம்மக்கள் மீனை நான்காக வெட்டிச் சிறிது வேகவைத்து, ஓலைக் கூடைகளில் இட்டுப் புகையூட்டுவதையும், அது இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யெமனுக்கும் அனுப்பப்படுவதையும் அவர் தமது பயண நூலில் குறித்துள்ளார். 1344இல் அவர் இலங்கைக்கும் வந்தார். ஆக, நமது சம்பலில் சேரும் இந்த மீனின் தயாரிப்பு முறை ஏறத்தாழ 700 ஆண்டுகளாக ஏட்டில் பதிவாகியிருக்கிறது. இவ்வளவு பழமையான எழுத்துச் சான்று நமது அரச வமிசங்கள் பலவற்றுக்கும் கிடையாது.

மாலைதீவில் ஆண்கள் தூண்டிலால் மீன் பிடித்தனர். அவிப்பதும் புகையூட்டுவதும் பெரும்பாலும் பெண்களின் வேலையாக இருந்தன. பாய்க்கப்பல்கள் மாசியை ஏற்றிக்கொண்டு இலங்கைக்கு வந்து, அரிசியையும் பிற பண்டங்களையும் ஏற்றிக்கொண்டு திரும்பின. நமது மக்கள் கச்சான் என்றும் வாடை என்றும் பெயரிட்டழைக்கும் காற்றுகளே அந்த வாணிகத்தின் காலக்கணக்கை வகுத்தன. ஆனால் வாணிகத்தின் இலாபக்கணக்கை வகுத்தவர்கள் வேறு. 1887இலிருந்து 1965 வரை மாலைதீவு பிரித்தானியப் பாதுகாப்பின்கீழ் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் மாலே நகரில் கடைகள் நடத்திய இந்திய வணிகர்களும், கொழும்பில் மாசியை வாங்கி விற்ற பெரு வியாபாரிகளும் இத்தொழிலின் பெரும்பயனை அடைந்தனர். இரண்டாம் உலகப் போரின்போது அரிசியின் வருகை தடைப்பட்டதும், உலகத்திற்கே மீன் விற்ற அத்தீவு மக்கள் கடும் பஞ்சத்தில் தவித்தனர். ஒரேயொரு பண்டத்தை விற்று, மற்றெல்லாவற்றையும் வாங்கி உண்ணும் நாட்டின் கதி அது. 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றி மாசி இறக்குமதி சுருங்கியபோது, மாலைதீவு மீனவர் மீண்டும் திகைத்தனர். பின்னர் அவர்களது மீன் பச்சையாகவே யப்பானியக் கப்பல்களுக்கு விற்கப்பட்டது.

இனி இலண்டன் பொதியைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருசியப் பேரரசின் கொடுமைகளுக்கு அஞ்சி ஓடிவந்த யூத ஏழைகள் இலண்டனின் கிழக்குப் பகுதியில் குடியேறினர். உப்பிட்ட மீனைப் புகையூட்டும் பழக்கத்தை அவர்கள் தம்முடன் கொண்டுவந்தனர். தொடக்கத்தில் பால்டிக் கடற்பகுதியிலிருந்து பீப்பாய்களில் வந்த மீனையே புகையூட்டினர். பின்னர் ஸ்கொட்லாந்துச் சால்மன் கிடைத்தது. தையற்கூடங்களில் உழைத்த அகதிகளின் உணவு, நாளடைவில் உயர்தர விடுதிகளின் வெள்ளித் தட்டில் ஏறிற்று. மீனும் புகையும் அவையே. உண்பவனின் வர்க்கம் மாறியதும் விலையும் மதிப்பும் மாறின. மாலைதீவுப் பெண்ணின் புகையும் இலண்டன் அகதியின் புகையும் ஒரே தேவையிலிருந்து எழுந்தவை. இன்று கிடைத்ததை நாளைக்கும் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எளியவரின் கவலையே அத்தேவை.

அடுத்து, மீனைத் தாங்கி நிற்கும் பாண். போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்தனர். கரையோரத்து முஸ்லிம்களின் வாணிகத்தை ஒடுக்குவது அவர்களது கொள்கையாக இருந்தது. 1626இல் அவர்களால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் ஏறத்தாழ 4,000 பேரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது வரலாற்றாசிரியர் பலரும் எடுத்துக்காட்டும் செய்தி. துரத்தியவர்களின் ஆட்சி மறைந்து நூற்றாண்டுகள் பல சென்றுவிட்டன. துரத்தப்பட்டவர்களின் வழிவந்தோர் வாழும் ஊர்களில், துரத்தியவர்களின் சொல்லான 'பாண்' இன்றும் வழங்குகிறது. மக்கள் ஆட்சியாளனை எதிர்த்தனர். அவன் கொண்டுவந்த ரொட்டியைத் தமதாக்கிக்கொண்டனர். மக்களின் பண்பாடு எப்போதும் இவ்வாறே வளர்கிறது.

எனினும் பாண் ஏழையின் உணவாகப் பரவியதற்குச் சுவை மட்டுமே காரணமன்று. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. ஆகவே ஒவ்வோர் இறாத்தல் பாணும் கடல் கடந்து வந்த மாவால் ஆனது. அதன் விலை அரிசியின் விலையோடும் உலகச் சந்தையோடும் வல்லரசுகளின் அரசியலோடும் பிணைந்திருக்கிறது. 1953ஆம் ஆண்டை நினைவுகூர்வோம். ஒரு கொத்துக் கூப்பன் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் திகதி இடதுசாரிக் கட்சிகள் ஹர்த்தாலுக்கு அழைத்தன. மேற்கு, தெற்குக் கரையோரங்கள் கொந்தளித்தன. பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடவேண்டியதாயிற்று. அவ்வாண்டு ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். ஒரு கொத்து அரிசியும் பிள்ளையின் மதிய உணவும் ஓர் அரசாங்கத்தையே ஆட்டிவைத்தன என்பதை நமது மாணவர் அறிய வேண்டும்.

அரிசி எட்டாதபோது மக்கள் கோதுமை மாவை நாடினர். அந்த மாவும் அரசியலற்ற பண்டமன்று. 1954இல் அமெரிக்கா இயற்றிய 480ஆம் இலக்கப் பொதுச் சட்டம், அந்நாட்டின் மிகை விளைச்சலை வறிய நாடுகளுக்கு எளிய விதிகளில் அளிக்க வழிசெய்தது. பசித்தவனுக்கு உணவு என்பது அதன் ஒரு முகம். அமெரிக்க விளைபொருளுக்குப் புதிய சந்தை தேடுவது அதன் மறுமுகம். அன்னிய எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துகளை இலங்கை அரசு பொறுப்பேற்றதன் விளைவாக, 1963 பெப்ரவரியில் அமெரிக்கா தனது உதவியை நிறுத்தியபோது, கொடுக்கும் கையில் இருக்கும் கயிறு எத்தகையது என்பது தெளிவாயிற்று. 1970களின் நடுவே உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏறியபோது, இலங்கை மக்கள் விடியுமுன் எழுந்து பாணுக்காக வரிசையில் நின்றனர். 1977இல் சிங்கப்பூரின் பிறிமா நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்யப்பட்டு, 1980இல் திருகோணமலையில் பெரும் மா ஆலை இயங்கத் தொடங்கியது. ஆலை நமது கரையில் நின்றாலும், அதில் அரைபடும் கோதுமை கப்பலில்தான் வரவேண்டும்.

மாசி வாங்க முடியாத வீட்டில் அதன் இடத்தைப் பிடித்தது டின்மீன். மக்கள் அதைச் 'செமன்' என்கின்றனர். அது 'சால்மன்' என்ற சொல்லின் திரிபு. இலங்கைக் கடலில் சால்மன் இல்லை. குளிர்ந்த வடகடல்களின் மீன் அது. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சால்மனை டின்னில் அடைக்கும் ஆலைகள் பெருகின. சீனத் தொழிலாளரும் அம்மண்ணின் பூர்வகுடிப் பெண்களும் அவற்றில் குறைந்த கூலிக்கு மீன் வெட்டினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீனை வெட்டிச் சுத்தம்செய்யும் இயந்திரம் வந்து சீனத் தொழிலாளர் பலரின் வேலையைப் பறித்தது. அந்த இயந்திரத்துக்குச் சீனரை இழிவுபடுத்தும் வசைச்சொல்லையே பெயராகச் சூட்டினர் அதன் உரிமையாளர்கள். அத்தகைய உழைப்பின் பெயர்தான் உலகைச் சுற்றி வந்து நமது சங்கக்கடைத் தட்டில் அமர்ந்தது. இன்று அந்த டின்னுக்குள் இருப்பது பெரும்பாலும் வேறு கடல்களில் பிடித்த கானாங்கெளுத்தி வகை மீன்கள். மீன் மாறிவிட்டது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இப்போது நமது கரைக்குத் திரும்புவோம். கல்முனைக் கரையில் விடியற்காலையில் மீன் வந்து இறங்குகிறது. விலையுயர்ந்த மீன் ஐஸ் பெட்டிகளில் கொழும்புக்குப் புறப்படுகிறது. வலைக்கும் தோணிக்கும் உரிய பங்கைக் கழித்த பின்னரே இழுத்தவனின் பங்கு கணக்கிடப்படுகிறது. மறுபுறம், சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் நெல் விளைகிறது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துப் பெரும் நீர்த்தேக்கத்தை ஆக்கியது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. ஆனால் எவருக்கு நிலம், எவருக்கு நீர் என்ற வினா அன்றோடு ஓய்ந்துவிடவில்லை. போடியாரின் வயலில் கூலிக்கு வெட்டுபவனுக்கு, அவன் வெட்டிய நெல் சோறாகி வருவதற்கு இடையில் ஆலையும் வியாபாரியும் கடனும் நிற்கின்றன. அரிசிக் களஞ்சியம் என்று புகழப்படும் மண்ணில், மீன் துள்ளும் கரையில், உழைப்பவனின் பொதியில் அன்னியக் கோதுமையும் அன்னிய மீனும் இருப்பது இயற்கையின் குறையன்று, பங்கீட்டின் குறை.

அண்மைக் காலம் இந்த உண்மையை மேலும் கூர்மையாக்கியது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையை அழித்தது. இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. தோணியும் வலையும் இழந்த மீனவர், நிவாரணமாக வந்த டின்மீனை உண்டு உயிர் தரித்தனர். 2013இல் ஒலுவிலில் துறைமுகம் திறக்கப்பட்டது. விளைவாகக் கரை அரிக்கப்பட்டு, துறைமுக வாயிலை மணல் மூடியது. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அடுத்த பெரும்போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் வீழ்ந்தது. 2022இல் மண்ணெண்ணெய் கிடைக்காமல் படகுகள் கரையில் கிடந்தன. வயலும் கடலும் ஒருங்கே முடங்கியபோது மா விலையும் டின்மீன் விலையும் உழைப்பாளிக்கு எட்டாத உயரத்துக்கு ஏறின. வெறும் வயிற்றோடு வகுப்பில் அமர்ந்த பிள்ளைகளை அப்போது நாடெங்கும் ஆசிரியர்கள் கண்டனர்.

இவற்றிலிருந்து நாம் பெறவேண்டிய முடிவு யாது? பாணை வெறுக்க வேண்டும், முன்னோர் உண்டதையே உண்ண வேண்டும் என்று போதிப்போர் உண்டு. அவர்களோடு நாம் உடன்படுவதற்கில்லை. போர்த்துக்கேயரும் அரபியரும் மலாயரும் மாலைதீவாரும் கலந்து ஆக்கிய பொதி இது. அதை ஆக்கிய கைகள் அனைத்தும் உழைக்கும் கைகள். உணவில் தூய்மை தேடுவோர் விரைவில் மனிதரிலும் தூய்மை தேடத் தொடங்குவர். அதன் பயன் என்ன என்பதை இந்நாடு குருதி சிந்திக் கற்றிருக்கிறது. மாறாக, ஒரு நாட்டின் மதிய உணவு யாருடைய அதிகாரத்தில் இருக்கிறது என்பதே நாம் எழுப்ப வேண்டிய வினா. இலாபத்துக்காக வாங்கி விற்பவனும் அரசியலுக்காகக் கொடுத்து நிறுத்துபவனும் அதை முடிவு செய்யும்வரை, மாலைதீவின் போர்க்காலப் பஞ்சம் எந்தக் கரைக்கும் வரக்கூடும்.

இப்பணியில் ஆசிரியர்களுக்குத் தனியிடம் உண்டு. வரலாற்றுப் பாடவேளையில் ஒரு நாள் மாணவர் தமது உணவுப் பொதியை மேசைமீது வைக்கட்டும். அதிலுள்ள ஒவ்வொன்றும் எங்கே விளைந்தது, யார் உழைப்பில் ஆயிற்று, யார் கைமாறி வந்தது, என்ன விலை என்பதை அவர்களே எழுதட்டும். பொதியின்றி வந்த பிள்ளையும் அந்த வகுப்பில் இருக்கும். அப்பிள்ளையின் வெறுமையான இடமும் வரலாற்றின் ஒரு பக்கமே என்பதை மற்றவர்கள் உணர்வர். 1953இல் பறிக்கப்பட்ட மதிய உணவு ஈகையாகக் கொடுக்கப்பட்டதன்று. மக்கள் செலுத்திய வரியிலிருந்து வந்த உரிமை. சம்மாந்துறையின் அரிசியையும் கல்முனையின் மீனையும் நியாய விலைக்கு வாங்கி, எல்லாப் பள்ளிகளிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் நண்பகல் உணவு வழங்குவது இயலாத காரியமன்று. அதைக் கேட்கும் குரல் வகுப்பறையிலிருந்தும் வயலிலிருந்தும் கரையிலிருந்தும் ஒன்றாக எழ வேண்டும். நெல் விளையும் ஊரில், மீன் பிடிபடும் கரையில், எந்தப் பிள்ளையும் நண்பகலில் பசித்திருக்கலாகாது.